இருட்டுக்கு ஒரு செக்யூரிட்டி

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலை ஏறிக் காவலூரின் வைணு பாப்பு வானாய்வகத்துக்கு வருகிறவர்கள் நேராக ஓடுவது தொலைநோக்கியைப் பார்க்கத்தான். ஓடாமல் என்ன செய்வார்கள்! 1986-ல் ராஜீவ் காந்தி திறந்துவைத்த 2.34 மீட்டர் ராட்சத ஆடித் தொலைநோக்கி ஒரு பக்கம். 1977-ல் யுரேனஸைச் சுற்றி வளையம் இருப்பதற்குத் தடயம் பிடித்த ஒரு மீட்டர் தொலைநோக்கி இன்னொரு பக்கம். அவர்கள் ஓடட்டும். வாங்க, நாம் நைசாக கேட் பக்கம் ஒதுங்குவோம். நிஜமான வேடிக்கை அங்கேதான்.

ஊரில் எந்த செக்யூரிட்டிக்கும் துணை வெளிச்சம்தான். ஏடிஎம் வாசலில் டியூப்லைட், அபார்ட்மெண்ட் கேட்டில் ஃபோகஸ் லைட், ஏதாவது சரசரத்தால் உடனே டார்ச். வைணு பாப்பு வானாய்வகம் மாதிரி இடத்தில் கதையே தலைகீழ்: காப்பாற்ற வேண்டிய சொத்தே இருட்டு! டார்ச் அடித்தே ஆகவேண்டும் என்றால் தரையைப் பார்த்து அடிக்கவேண்டும், அதுவும் சிவப்பு வெளிச்சமாக இருந்தால் உத்தமம். கண் இருட்டுக்கு முழுசாகப் பழக அரை மணி நேரம்கூட ஆகும். முகத்தில் ஒரு வெள்ளை வெளிச்சம் பட்டதோ, அத்தனையும் போச்சு, மறுபடி முதலிலிருந்து. சிவப்பு அவ்வளவு கெடுக்காது.

இந்த வேலைக்கு ஆள் எப்படி இருக்கணும்? தனியார் பாதுகாப்பு முகமைகளுக்கான 2005-ம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி வந்த மத்திய மாதிரி விதிகள் ரொம்ப கறார். ஆணுக்கு 160 செ.மீ. உயரம், பெண்ணுக்கு 150. தட்டைப் பாதம் கூடாது. நிறம் பிரித்தறியத் தெரியணும். ஒரு கிலோமீட்டரை 6 நிமிடத்தில் ஓடணும் (நானெல்லாம் மூன்றாவது நிமிடமே உட்கார இடம் தேடுவேன்). வகுப்பில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம் பயிற்சி வேறு.

எல்லாம் சரி. ஆனால் மலைக்காட்டில், நடுராத்திரியில், சருகு நொறுங்கும் சத்தம் கேட்டதும் கை தானாக டார்ச் பொத்தானுக்குப் போகுமே, அந்தக் கையை அடக்கி, காதைத் தீட்டிக்கொண்டு நிற்கணும். காற்றா, பன்றியா, கரடியா, வழி தவறிய மனிதனா? காதாலேயே பாதி முடிவெடுக்கத் தெரியணும். எத்தனை மணி நேர ஓட்டம் ஓடினாலும் இது வராது. ராத்திரி முழுக்க ஒன்றுமே நடக்காமல் இருப்பதையும் தாங்கணும். உள்ளே இருக்கிற ஆய்வாளருக்காவது திரையில் நட்சத்திரம் தெரியும். வெளியே நிற்பவருக்குக் கொசு.

பிறகு வாய். பதமான வாய். ஹை பீமைப் போட்டுக்கொண்டு ஒரு பெரிய கார் வந்து நிற்கிறது, கண்ணாடி இறங்குகிறது, "நான் யார் தெரியுமா?" தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியைக் கேட்காத கேட் உண்டா! வேறெங்கும் இதற்குப் பதில் கிடையாது. இங்கே மட்டும் அட்டகாசமான ஒன்று தயாராக இருக்கிறது: "இருட்டுல தெரியலீங்க சார். லைட்டை மட்டும் அணைச்சிருங்க."

இதைச் சிரிக்காமல் சொல்ல முடிந்தால், உயரம் ஒரு செ.மீ. குறைந்தாலும் நான் எடுத்துக்கொள்வேன்.