ஸ்டீராய்டு சாப்பிடுகிறீர்களா? எலும்பைக் கவனியுங்கள்

மூட்டுவாதத்துக்கோ ஆஸ்துமாவுக்கோ என்றோ எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி, மாதக்கணக்கில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை வாங்கிச் சாப்பிடுகிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். வலி விட்டதும் டாக்டரிடம் திரும்பிப் போவதில்லை. பிறகு தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது முதுகெலும்பு நொறுங்குகிறது. வீட்டில் வயதின் மேல் பழி போடுகிறார்கள். மாத்திரையை யாரும் சந்தேகிப்பதில்லை.

ஸ்டீராய்டு, எலும்பைக் கட்டும் செல்களை முடக்குகிறது. குடல் கால்சியத்தை உறிஞ்சுவதையும் குறைக்கிறது. எலும்பு மிக வேகமாகத் தேய்வது முதல் 3 முதல் 6 மாதங்களில்தான். ஆகவே முறிந்த பிறகு விழித்துப் பயனில்லை.

தினமும் 2.5 மி.கி. அல்லது அதற்கு மேல் பிரெட்னிசோலோன், 3 மாதத்துக்கு மேல் தொடரப் போகிறதா? டாக்டர் சொல்லும்வரை காத்திருக்காமல் நீங்களே கேளுங்கள்:

1. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எப்போது? மருந்து தொடங்கிய 6 மாதத்துக்குள் எடுப்பது நல்லது. ஊசி கிடையாது, வலிக்காது.

2. கால்சியமும் வைட்டமின் டி-யும் எவ்வளவு? உணவையும் சேர்த்து நாளொன்றுக்கு 1000 முதல் 1200 மி.கி. கால்சியம், 600 முதல் 800 யூனிட் வைட்டமின் டி என்பது பொதுவான அளவு. ஒரு டம்ளர் பாலில் சுமார் 300 மி.கி. கால்சியம் கிடைக்கும். சிறுநீரகக் கல் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

3. எலும்பைக் காக்கும் மருந்து தேவையா? வாரம் ஒருமுறை அலென்ட்ரோனேட் எழுதினால், காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்குங்கள். டீ, காபி கூடாது. அரை மணி நேரம் படுக்கவே கூடாது, உணவுக்குழாய் புண்ணாகும். கால்சியம் மாத்திரையை அதோடு சேர்க்காதீர்கள். பல் பிடுங்க வேண்டியிருந்தாலோ, சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருந்தாலோ முன்பே சொல்லுங்கள்.

பிரெட்னிசோலோன் 'ஷெட்யூல் ஹெச்' மருந்து. டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. கடைக்காரர் கேட்காமலே கொடுத்தால் அது உதவியல்ல, சட்ட மீறல். பில்லை வாங்கி வையுங்கள். மாத்திரைப் பட்டையில் உள்ள பேட்ச் எண்ணையும் குறித்து, உங்கள் பகுதி மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். ஒப்புகை முத்திரை போட்ட நகலை வாங்காமல் திரும்பாதீர்கள்; வாய்ப்பேச்சுப் புகாரை அலுவலகங்கள் எளிதில் மறந்துவிடும். மருந்தின் பக்கவிளைவைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது.

எச்சரிக்கை: இதைப் படித்துவிட்டு ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டவருக்கு அட்ரினல் சுரப்பி மந்தமாகியிருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் மேற்பார்வையில்தான். திரும்பவும் சொல்கிறேன்: நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் போய்க் கேளுங்கள்.