வடம் பிடிக்கும் கை

மயிலாப்பூரில் அரவு தீண்டி இறந்த பூம்பாவை என்ற பெண்ணின் எலும்பும் சாம்பலும் அடங்கிய குடத்தின் முன் நின்று திருஞானசம்பந்தர் பாடிய பதிகத்தில் ஒரு விசேஷம் உண்டு. உயிர் பெற்று எழுந்து வா என்று அவர் நேராகக் கட்டளையிடவில்லை. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், பங்குனி உத்திரம் என்று மயிலையின் விழாக்களைப் பாட்டுக்கு ஒன்றாகச் சொல்லி, அவற்றைப் பாராமலே உலகை விட்டுப் போவது தகுமா என்ற பொருளில் வினவிக்கொண்டே போகிறார். மாண்டவளையே திருவிழாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட ஊர், கடல் கடந்து வந்து பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் அந்நியரை எவ்வாறு கூப்பிடுகிறது என்று பார்ப்பது சுவாரசியமான காரியம்.

அந்நிய வாசிகள் இப்பகுதிக்குப் புதியவர்கள் அல்லர். பிரம்மஞான சபை அடையாற்றங்கரைக்கு வந்தது 1882இல். அதன் முதல் தலைவரான அமெரிக்கர் கர்னல் ஆல்காட் 1907இல் அங்கேயே காலமானார். 1936இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்திரத்துக்குப் பல தேசங்களிலிருந்தும் மாணாக்கர்கள் வந்தார்கள். இப்போதோ ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளின் நிமித்தம் ஜப்பானியர்களும் கொரியர்களும் சென்னையில் குடும்பத்துடன் வசிக்கிறார்கள்.

அந்த ஜப்பானியர்களில் ஒருவர் தம் ஊர்த் திருவிழாவை நினைத்துக்கொண்டால், அவர் மனத்தில் எழும் சித்திரம் பெரும்பாலும் 'மிகோஷி'யாகத்தான் இருக்கும். தெய்வம் எழுந்தருளும் அந்தப் பல்லக்கைச் சுமப்பவர்கள் அந்தப் பேட்டைவாசிகளே. பேட்டையின் பெயரோ சின்னமோ பொறித்த 'ஹாப்பி' என்னும் குட்டைச் சட்டையை அணிந்து, 'வஷ்ஷோய், வஷ்ஷோய்' என்று கூவிக்கொண்டு தோள் கொடுப்பார்கள். வாலிபர்கள் குறைந்துபோன பேட்டைகளில், அங்கே குடியிருக்கும் வெள்ளைக்காரருக்கும் ஒரு சட்டை கிடைத்துவிடுகிறது. கூட்டத்தில் அவர் ஒருவரே நெட்டையாக இருந்துவிட்டால், பாரத்தில் பெரும்பகுதி அவர் தோளில் இறங்கும் என்பது வேறு விஷயம்!

மயிலையில் பல்லக்குத் தூக்குவது அவ்வளவு எளிதாக அயலாருக்கு வாய்ப்பதன்று. அது ஸ்ரீபாதம் தாங்கிகளின் பணி. அவர்களுடைய நடையின் தாளத்துக்கே ஓர் அப்பியாசம் வேண்டும். கபாலீசுவரர் கோயிலுக்குள்ளும், தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றைப் போலவே, ஓர் எல்லைக்கு அப்பால் ஹிந்துக்கள் அல்லாதாருக்கு அனுமதி இல்லை. ஆனால் பங்குனிப் பெருவிழாவின் பத்து நாட்களிலும் கபாலீசுவரரே வெளியே வந்துவிடுகிறார். மூன்றாம் நாள் அதிகார நந்தி, ஐந்தாம் நாள் இரவில் ரிஷப வாகனம், ஏழாம் நாள் தேர் என்று நான்கு மாட வீதிகளும் அவருக்குப் பிராகாரமாக மாறுகின்ற அந்நாட்களில், தெருவுக்குள் வருகிற எவரையும் தடுக்கும் பலகை எங்கும் இல்லை.

தேரின் வடம் இருக்கிறதே, அதைப் போன்ற தாராள மனம் படைத்த வஸ்து வேறொன்றை நான் கண்டதில்லை. சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போடுபவர்கள் தேர்ச்சி பெற்றவர்களாக இருந்தே ஆகவேண்டும். வடம் பிடிக்கக் கை இருந்தால் போதும். படம் எடுப்பதற்காக வந்து ஓரத்தில் நின்ற அயல்நாட்டவர், கூட்டம் நெருக்குகிற நெருக்கலில் கருவியைப் பைக்குள் போட்டுவிட்டு, பின்னால் நிற்பவர் 'பிடிங்க சார்' என்று சொன்னதும் வடத்தைப் பற்றுகிற அந்தக் கணத்தில், பார்க்க வந்தவர் இழுக்க வந்தவராகிவிடுகிறார்.

நவராத்திரிக் கொலுவிலோ சோதனை வேறு விதமானது. வடக்கு மாட வீதியில் பொம்மைக் கடைகளைக் கண்ட ஜப்பானியப் பெண்மணிக்கு மார்ச் 3ஆம் தேதி தம் நாட்டில் கொண்டாடும் 'ஹினா மத்சுரி' நினைவுக்கு வந்தால் வியப்பில்லை. அங்கேயும் படிகள் உண்டு, சிவப்புத் துணி விரித்த படிகளின் உச்சியில் சக்கரவர்த்தியும் சக்கரவர்த்தினியும் அமர்ந்திருக்க, பரிவாரங்கள் கீழ்ப்படிகளில் இருப்பார்கள். ஆனால் நம் கொலுவில் பொம்மைகளைப் பார்த்துவிட்டுச் சுண்டலும் தாம்பூலமும் பெற்றுக்கொண்டு நழுவிவிட முடியாது. 'ஒரு பாட்டுப் பாடுங்கோ' என்று வீட்டு மாமி கேட்பாள். 'எனக்கு உங்கள் பாட்டுத் தெரியாதே' என்றால், 'உங்க ஊர்ப் பாட்டுதான் பாடுங்களேன்' என்பாள். கொலுவின் முன் ஜப்பானியத் தாலாட்டு ஒலித்தால் அம்பாள் கோபித்துக்கொள்வாள் என்று எந்த சாஸ்திரமும் சொல்லவில்லை.

இந்தப் பாட்டுப் பரீட்சையில் வேறெந்த அந்நியரும் அதுவரை எட்டாத உயரத்துக்குப் போனவர் ஜான் ஹிக்கின்ஸ். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1939இல் பிறந்து, வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டி. ரங்கநாதனிடம் பயிலத் தொடங்கிய அவர், உதவித்தொகை பெற்று இந்தியாவுக்கு வந்து, ரங்கநாதனின் சகோதரர் புல்லாங்குழல் வித்துவான் டி. விசுவநாதனிடம் வாய்ப்பாட்டுக் கற்று, சொற்ப காலத்துக்குள் திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனையில் பாடினார். பிறகு அவர்கள் சகோதரி பாலசரஸ்வதியிடமும் பயின்று, பரதநாட்டியத்தின் இசையைப் பற்றியே முனைவர் பட்ட ஆய்வை எழுதினார். ஜனங்கள் அவருக்குக் கொடுத்த பெயர் ஹிக்கின்ஸ் பாகவதர். 1984இல் குடிபோதையில் ஒருவன் ஓட்டிய வாகனம் மோதி அவர் அகாலமாக மறைந்தார்.

ஹிக்கின்ஸ் கற்றுப் பெற்ற மரியாதை வேறு; வேட்டி கட்டிய வெள்ளைக்காரர் 'வணக்கம்' என்றாலே கைதட்டி விடுகிற நம் பழக்கத்தை நான் மரியாதை என்று கருதுவதில்லை. அவரைக் காட்சிப்பொருளாக்கி வெளியே நிறுத்துகிற வேலைதான் அது. நெடிலைக் குறிலாக உச்சரித்தால் திருத்தவும், தாளம் தவறினால் முகம் சுளிக்கவும் ஒருவர் துணிகிறாரே, அவர்தான் அந்நியரைத் தம்மவராக எண்ணியவர். மேலும், அதே மாட வீதியில் ஓர் உணவகத்தில் பாத்திரம் தேய்க்கும் ஒடியாக்காரப் பையனை வடம் பிடிக்க யாரும் அழைத்துப் புகைப்படம் எடுப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

தை பிறக்கும் சமயத்தில் நடைபெறும் மயிலாப்பூர் விழாவின் கோலப் போட்டியில் அயல்நாட்டவரும் குந்தி உட்கார்ந்து புள்ளி வைக்கிறார்கள். ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ, தம் நாட்டில் ஜனவரி நடுவில் வரும் 'சிறு புத்தாண்டு'ச் சடங்குகளுக்கும் நம் பொங்கலுக்கும் ஒப்புமை கண்டு, தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டென்று வாதாடினார். மொழியியலார் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. கோலமாவைக் கையில் எடுத்தவருக்கோ அந்த வாதம் தேவைப்படுவதில்லை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவு சீராக இறங்க வேண்டும். இழை ஓரிடத்தில் பருத்து ஓரிடத்தில் அறுந்துபோனால், பக்கத்துச் சதுரத்தில் போட்டுக்கொண்டிருக்கும் பாட்டி தன் கோலத்தை நிறுத்திவிட்டு, 'இப்படி இல்லம்மா, இங்கே பார்' என்று அந்த அயல்நாட்டுப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள்.