குறைந்த பணத்தில் ஒரு படுக்கை வண்டி

படுக்க ஒரு பலகை, சமைக்க ஒரு சிறு மேடை, குடிக்கவும் கழுவவும் தண்ணீர், ஒரு விளக்கு, ஒரு விசிறி. இவை ஒரு வேனுக்குள் அமைந்துவிட்டால் அது கேம்பர் வேன். கேரவன் என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் குளிர்சாதன வண்டிதான் தமிழ்நாட்டில் பலருக்கு நினைவுக்கு வரும். கேம்பர் வேன் அதைவிட மிகச் சிறியது. கல்லூரி மாணவர்கள் இரண்டு மூன்று பேர் பணம் சேர்த்து, ஓடாமல் கிடக்கும் பழைய வேனை வாங்கி, விடுமுறை நாட்களில் தங்கள் கையாலேயே செப்பனிட்டு ஊர் சுற்றக்கூடிய வண்டி அது.

உலகம் நன்கறிந்த கேம்பர் வேன் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் டைப் 2. 1950-இல் உற்பத்திக்கு வந்த அந்த வேனுக்கு அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் படுக்கையும் அலமாரியும் செய்து கொடுக்கத் தொடங்கியது. 1960, 70-களில் ஐரோப்பிய இளைஞர்கள் அத்தகைய வேன்களிலும் பழைய பேருந்துகளிலும் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகத் தரைமார்க்கமாகவே இந்தியாவுக்கு வந்தார்கள். 1969-இல் பாரிஸிலிருந்து புறப்பட்ட ஒரு வாகன அணி புதுச்சேரி அருகே உள்ள ஆரோவில் வரைக்கும் வந்து சேர்ந்தது. 1979-இல் ஈரானில் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படையெடுப்பும் நிகழ்ந்தபின் அந்தப் பாதை அடைபட்டது.

அத்தகைய வேனைச் செப்பனிட வசதியான ஓர் ஊர் ஆரோவில்லுக்கு மேற்கே, புதுச்சேரியின் வில்லியனூர் கொம்யூனில் இருக்கும் சேதராப்பட்டு. பிப்டிக் தொழிற்பேட்டை உள்ள ஊர் என்பதால் லேத் பட்டறையும் வெல்டிங் கடையும் அங்கே எட்டும் தூரத்தில் உண்டு. புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் லாரி முனையத்தைச் சுற்றிப் பெரிய பட்டறைகள் இருக்கின்றன. பழைய உதிரி பாகங்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டைக்கு ஒரு பகலில் போய்த் திரும்பிவிடலாம். இந்த மூன்றும் பக்கத்தில் இருப்பது மாணவருக்குப் பெரிய வசதி.

எந்த வேன் என்பதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஃபோக்ஸ்வேகனுக்கு உதிரி பாகம் தேடுவது மாணவர் பையால் தாங்கக்கூடிய செலவல்ல. பஜாஜ் டெம்போவின் மெட்டடோர் நல்ல இடவசதி உள்ளது. ஆனால் கனமான டீசல் வண்டி, பராமரிக்கப் பணம் பிடிக்கும். ஏற்றது மாருதி ஆம்னி. 1984-இல் மாருதி வேன் என்று அறிமுகமாகி, பிறகு ஆம்னி என்று பெயர் மாறி, 2019 வரை உற்பத்தியில் இருந்தது. மூன்று சிலிண்டர் கொண்ட 796 சிசி பெட்ரோல் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருப்பதால், பின் இருக்கையைக் கழற்றினால் தட்டையான தரை கிடைக்கும். பக்கக் கதவு தள்ளித் திறப்பது; பின்கதவு மேலே தூக்குவது. மழை தூறும்போது அந்தக் கதவின் கீழேயே அடுப்பு மூட்டலாம். 35 ஆண்டு உற்பத்தியான வண்டி என்பதால் இதைக் கழற்றி மாட்டத் தெரியாத மெக்கானிக் இந்தப் பக்கத்தில் அரிது.

வாங்கும்போதுதான் பணம் மிச்சமாகவோ வீணாகவோ போகிறது. முதலில் ஆவணம். ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் பொறித்ததோடு ஒத்துப்போகின்றனவா, வங்கிக் கடன் அடைத்த குறிப்பு ஏறியிருக்கிறதா, அபராதம் பாக்கி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தனியார் வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் வண்டியைக் காட்டித் தகுதி பெற்று ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்கொள்ளலாம். அந்த நீட்டிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் காருக்கு 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டு தாண்டிய இலகு வாகனத்துக்கு 2025-இல் 10,000 ரூபாய் ஆக்கப்பட்டது. மலிவாகக் கிடைக்கும் 22 வயது வேனைவிடச் சற்றே விலை கூடிய 16 வயது வேன் மொத்தத்தில் லாபமாக அமைவது இதனால்தான்.

சேதராப்பட்டைச் சுற்றித் தமிழ்நாட்டு எல்லை பின்னிக் கிடக்கிறது. வண்டி பெரும்பாலும் திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ டி.என். எண்ணோடுதான் கிடைக்கும். அதைப் புதுச்சேரியில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் பி.ஒய். எண்ணுக்கு மாற்றியாக வேண்டும். விற்பவரிடமிருந்து அவருடைய போக்குவரத்து அலுவலகத்தின் தடையின்மைச் சான்றை (என்.ஓ.சி.) வாங்கிய பிறகே முழுத் தொகையையும் கொடுப்பது நல்லது. பிறகு கேட்டுப் போனால் அலைச்சல்தான் மிஞ்சும்.

இன்னொரு சோதனை இந்தப் பகுதிக்கே உரியது. 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டியது. அப்போது நீரில் மூழ்கிய வண்டிகள் துடைத்து மெருகேற்றி விற்பனைக்கு வர வாய்ப்புண்டு. இருக்கைப் போல்ட்டில் துரு, முகப்பு விளக்கின் உள்ளே மண் கோடு, வயர் இணைப்புகளில் பச்சை பூத்த செம்பு, எஞ்சின் ஆயிலில் பால் நிறம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அந்த வேனை விட்டுவிடலாம். எல்.பி.ஜி. எரிவாயு கிட் பொருத்திய ஆம்னி என்றால், அது ஆர்.சி.யில் பதிவாகியிருக்க வேண்டும். தொட்டியை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை சோதித்த சான்றும் இருக்க வேண்டும். வீட்டு சிலிண்டரில் ஓடிய வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடக்கூடாது.

பழைய ஆம்னிக்கு உண்மையான எதிரி துரு. கடற்காற்றின் உப்பும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து தகட்டை உள்ளிருந்து தின்கின்றன. பேட்டரி அமரும் தட்டு, சக்கர வளைவின் உள்பக்கம், தள்ளுகதவின் கீழ்த் தண்டவாளம், கதவுக்குக் கீழான பெட்டிச் சட்டம், முன்கண்ணாடி ரப்பரின் அடி ஆகியவை முதலில் போகும் இடங்கள். மேலே பெயிண்ட் பளபளப்பாக இருக்கும். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், துருப்பிடித்தது மந்தமாகச் சத்தமிடும். முனையால் குத்தினால் உள்ளே இறங்கிவிடும்.

பட்டறைகளில் பட்டி பூசி மறைத்துக் கொடுப்பது மலிவான வழி. அது ஒரு மழைக்காலம் கூடத் தாங்காது. துருப்பிடித்த பகுதியை நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுத்து, அதே தடிமனில் புதுத்தகடு வைத்துப் பற்றவைப்பதே சரியான முறை. பழைய தகடு மிக மெல்லியது என்பதால் ஆர்க் வெல்டிங் ஓட்டை போட்டுவிடும். பட்டறைக்காரர்கள் சிஓ2 வெல்டிங் என்று சொல்லும் முறையில் புள்ளி புள்ளியாக வைக்கச் சொல்ல வேண்டும். அதற்குமுன் பெட்ரோல் டேங்கை இறக்கி வேறிடத்தில் வைக்க வேண்டும், பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும், உள்விரிப்பு முழுவதையும் எடுத்துவிட வேண்டும். டேங்க் காலியாக இருந்தாலும் அதிலுள்ள ஆவி வெடிக்கும். இதில் சமரசமே கூடாது. வெல்டிங்குக்கு மட்டும் தொழிலாளிக்குக் கூலி கொடுத்து, தேய்ப்பது, துருவகற்றுவது, ரெட் ஆக்சைடு அடிப்பது, அடிப்பக்கக் கறுப்புப் பூச்சு பூசுவது எல்லாவற்றையும் மாணவர்களே செய்யலாம். நாள் கணக்கில் பிடிக்கும் வேலை இவைதான். எனவே கூலியில் பெரிய மிச்சமும் இவற்றில்தான். ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் முடித்தால் பெயிண்டுக்குள் ஈரம் தங்காது.

துருவுக்கு அடுத்தது பிரேக். நீண்ட நாள் நின்ற வண்டியில் வீல் சிலிண்டர் பிடித்துக்கொண்டிருக்கும், ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கும், பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கொதிநிலை குறைந்திருக்கும். இவை அனைத்தும் புதிதாகவே வாங்கப்பட வேண்டியவை. புதுப்பேட்டையில் கதவு, கண்ணாடி, கைப்பிடி, இருக்கைச் சட்டம், விளக்கு வாங்கலாம். பிரேக், ஸ்டீயரிங் மூட்டு, டயர் ஆகியவற்றைப் பழசாக வாங்கக் கூடாது. வாங்கும் பழைய பொருளுக்கும் பில் கேட்டு வாங்குவது அவசியம். திருட்டு வண்டியின் பாகம் கைக்கு வராமல் காக்கும். டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கம் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும்: 2318 என்றால் 2018-இன் 23-ஆம் வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் கெட்டிப்பட்டு வெடித்த டயர் நெடுஞ்சாலைக்கு ஆகாது.

ஆம்னி எஞ்சின் எளிமையானது. ஆயில், ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கூலன்ட், டைமிங் பெல்ட் மாற்றி, மூன்று சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் அளந்துவிட்டால் அதன் நிலைமை தெரிந்துவிடும். மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் எஞ்சினைப் பிரிக்கவே வேண்டாம். ஒன்று மட்டும் தாழ்ந்தால் வால்வோ பிஸ்டன் ரிங்கோ கோளாறு. கார்ப்பரேட்டர் உள்ள பழைய வண்டியில் எரிபொருள் ஹோஸ்களைக் கட்டாயம் மாற்ற வேண்டும். இப்போது பெட்ரோல் நிலையங்களில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை இளக்கிவிடும். எஞ்சின் இருக்கைக்கு அடியிலேயே இருப்பதால் அங்கே பெட்ரோல் கசிவது மிக ஆபத்தானது.

வண்டி ஓடி நிற்கும் நிலைக்கு வந்த பிறகே உள் அலங்காரம். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, அழகான படுக்கை போட்ட, ஓடாத வேனோடு நின்றுவிடுகிறார்கள்.

உள்ளே வைப்பதெல்லாம் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். இதற்குச் சட்டமும் ஒரு காரணம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழி செய்தது. கூரையை வெட்டி உயர்த்துவது, இருக்கைகளை நிரந்தரமாக நீக்குவது போன்றவை இதில் சிக்கும். பயணத்தில் ஏற்றி வந்து இறக்கிவைக்கும் சாமானாகப் பலகையும் பெட்டியும் இருந்தால், தகுதிச் சோதனைக்கு இருக்கையை மாட்டிப் பழைய ஆம்னியாகவே காட்டலாம். ஓடும்போது படுக்கையில் யாரும் இருக்கக் கூடாது. பெல்ட் உள்ள இருக்கையில் எத்தனை பேர் அமர முடியுமோ அத்தனை பேர்தான் பயணிகள்.

எடையையும் கவனிக்க வேண்டும். 12 மில்லிமீட்டர் பிளைவுட், எட்டுக்கு நாலடித் தாள் ஒன்று 20 கிலோவைத் தாண்டும். நான்கு தாளும் தண்ணீர்க் கேனும் மெத்தையும் ஏற்றினால் ஒரு பெரிய ஆளின் எடைக்கும் மேல் ஆகிவிடும்; சிறிய எஞ்சினும் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கும் அதைச் சுமக்க வேண்டும். படுக்கைக்கு மெல்லிய இரும்புச் சட்டமும் நடுவே 9 மில்லிமீட்டர் பலகையும் போதும். நடுவில் மடங்கும்படி கீல் வைத்தால் பகலில் உட்காரும் பெஞ்சாகிவிடும். மேலே இலவம்பஞ்சு மெத்தையும் கோரைப்பாயும் விரித்தால் புழுக்கத்துக்கு அதைவிட இதமானது கிடையாது.

மின்சாரத்தைக் கணக்குப் போட்டுத்தான் அமைக்க வேண்டும். 5 வாட் விளக்கு 4 மணி நேரம், 25 வாட் விசிறி 8 மணி நேரம், இரண்டு கைப்பேசி சார்ஜ்: மொத்தம் ஏறக்குறைய 250 வாட்-மணி. ஈய பேட்டரியைப் பாதிக்குமேல் தீர்த்தால் ஆயுள் குறையும் என்பதால் 12 வோல்ட், 60 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று தேவை. இதை வண்டியின் ஸ்டார்ட்டிங் பேட்டரியோடு சேர்க்கவே கூடாது. சேர்த்தால் காலையில் எஞ்சின் எழாது. கூரையில் 100 வாட் சூரியத் தகடு வைத்தால் நல்ல வெயில் நாளில் அந்தத் தேவை நிரம்பிவிடும். ஒவ்வொரு வயரும் பேட்டரி முனையிலேயே ஃப்யூஸோடு தொடங்க வேண்டும்.

இந்த ஊர் வெயிலில் குளிரைத் தடுப்பதைவிட வெப்பத்தைத் தடுப்பதே பெரிய வேலை. கூரைக்கு வெள்ளைப் பூச்சு, உள்ளே வெள்ளிப்படலம் ஒட்டிய நுரைத்தாள், இரு பக்க ஜன்னலுக்கும் காந்தத்தில் ஒட்டும் கொசுவலை ஆகியவை பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும். அடுப்பை எப்போதும் கதவைத் திறந்து வெளியேதான் மூட்ட வேண்டும். மூடிய வேனுக்குள் எரியும் அடுப்பும் ஓடும் எஞ்சினும் மணமில்லாத கார்பன் மோனாக்சைடை நிரப்பும். தூங்குபவர் விழிக்காமலே போகக்கூடும்.

எல்லாம் முடிந்தபின் காப்பீடும் புகைச் சான்றும் கையிலிருந்தால் முதல் ஓட்டத்தை ஊசுடு ஏரி வரையிலும், பிறகு மயிலம் வரையிலும் வைத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு முறையும் திரும்பியதும் ஆயில் கசிவு, சக்கரச் சூடு, டயர் காற்று பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் செப்டம்பரில், மழைக்கு முன், கதவுகளின் அடியில் நீர் வடியும் துளைகளைக் குத்திச் சுத்தம் செய்து, அடிப்பக்கப் பூச்சு உரிந்த இடங்களில் மீண்டும் பூச வேண்டும்.