கடல் விசிறியில் ஒளிந்த குதிரை

1969இல், பசிபிக் தீவான நியூ கலிடோனியாவின் நூமியா நகரில் ஜார்ஜ் பார்ஜிபான் என்ற ஆய்வாளர் கடல் விசிறி ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். கிளைகளைக் கூர்ந்து பார்த்தபோது, அவற்றில் இரண்டு சென்டிமீட்டர்கூட எட்டாத கடல்குதிரைகள் தொற்றிக்கொண்டிருந்தன. கடலுக்கடியில் யார் கண்ணிலும் படாதவை, ஆய்வு மேசைக்கு வந்த பிறகுதான் அகப்பட்டன. அடுத்த ஆண்டே அவர் பெயரால் அந்த இனத்துக்கு ஹிப்போகாம்பஸ் பார்ஜிபான்டி என்று பெயர் சூட்டினார்கள்.

கடல் விசிறி பார்ப்பதற்குச் செடி மாதிரி இருந்தாலும் விலங்கினம்தான். பவளங்களின் உறவு. ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு உயிர்கள் கூடி வாழும் குடியிருப்பு அது. இரை தேடும்போது அவை பூப்போல விரியும். மூடிக்கொண்டால் கிளை நெடுகச் சின்னச்சின்ன மொட்டுகளாகத் தெரியும். இந்தக் குட்டைக் கடல்குதிரையின் உடம்பிலும் அதே அளவில், அதே நிறத்தில் மொட்டுகள்! சாம்பலும் ஊதாவுமான உடம்பென்றால் மொட்டு இளஞ்சிவப்பு. மஞ்சள் உடம்பென்றால் ஆரஞ்சு. மற்றக் கடல்குதிரைகளுக்கு உள்ள நீண்ட மூக்கும் இதற்கு இல்லை. மொட்டோடு மொட்டாக முகமும் மறைந்துவிடுகிறது. வாலைக் கிளையில் சுற்றிக்கொண்டு, நீரோட்டத்தில் விசிறி ஆடினால் தானும் ஆடும். வேகமாக நீந்தத் தெரியாத பிராணிக்கு இதைவிட நல்ல காப்பு ஏது?

இந்த நிறம் பிறவியிலேயே வருவதா? சான் பிரான்சிஸ்கோவின் ஸ்டைன்ஹார்ட் மீன் காட்சியகத்தில் இதற்கு விடை கிடைத்தது. ஊதா நிறப் பெற்றோருக்குப் பிறந்த குஞ்சுகளை ஆரஞ்சு நிற விசிறியோடு வளர்த்தார்கள். அவை அதில் குடியேறியதும் ஆரஞ்சாகவே மாறின. தகப்பனின் வயிற்றுப் பையிலிருந்து கருநிறத்தில் வெளியேறும் குஞ்சு, எந்த விசிறியில் போய் ஒட்டுகிறதோ அதன் நிறத்தை வாங்கிக்கொள்கிறது என்பது எனக்குப் பெரிய வியப்பு. கடலில் பெரும்பாலும் அதே விசிறியில்தான் அதன் மீதி வாழ்க்கையும் கழிகிறது.

இவ்வளவு கச்சிதமான வேடத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. இந்த இனம் மியூரிசெல்லா வகை விசிறிகளை நம்பியே வாழ்கிறது. அவை அழிந்தால் இதற்கு வேறு போக்கிடம் இல்லை. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பக்கம் முக்குளிக்கப் போகிறவர்கள் கடல் விசிறியைத் தொட வேண்டாம். படம் நன்றாக வர வேண்டும் என்று குதிரையைத் திருப்பிவிடவும் வேண்டாம்.