பிளாட்டினத்துக்கு அடியில் என்ன இருக்கு?

இன்னைக்குப் பேசப்போற விஷயம் பெட்ரோல் கார்களின் எக்ஸாஸ்ட் பைப்பில் இருக்கு: கேட்டலிடிக் கன்வெர்ட்டர். அதுக்குள்ள பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் கொஞ்சமா இருக்கும். நச்சான கார்பன் மோனாக்சைடை கார்பன் டை ஆக்சைடாக மாத்துறது இதுங்க செய்யிற வேலைகளில் ஒண்ணு.

வினை நடப்பது உலோகத்தின் மேற்பரப்பில்தான். உள்ளே மாட்டிக்கிட்ட அணுக்கள் வீண். அதனால உலோகத்தை நானோமீட்டர் அளவுத் துகள்களாக, நுண்துளைகள் நிறைந்த ஒரு ஆக்சைடு மேல படிய வைப்பாங்க. அந்த ஆக்சைடுக்குப் பேர் 'தாங்கி'. சர்வரும் ரேக்கும் மாதிரின்னு வெச்சுக்கோங்க. வேலை பார்க்கிறது சர்வர், ரேக் சும்மா தாங்குது. அப்படித்தானே தோணும்?

1978-இல் எக்ஸான் நிறுவனத்தின் டாஸ்டர், ஃபங், கார்ட்டன் மூணு பேரும் ஒரு விசித்திரத்தை வெளியிட்டாங்க. டைட்டானியம் டை ஆக்சைடு மேல இருக்கிற பிளாட்டினத்தை, ஹைட்ரஜனில் 200 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினா, அது வாயுக்களை வழக்கம்போலப் பிடிச்சுக்குது. 500 டிகிரிக்குப் போனா? ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு ரெண்டையுமே கிட்டத்தட்ட தொடவே மாட்டேங்குது!

முதல் சந்தேகம், துகள்கள் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து பெருசாகிடுச்சோ? எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தா, அப்படி எதுவும் இல்லை. அப்போ பிரச்சினை வேற இடத்தில்.

பின்னாடி வந்த ஆய்வுகள் காரணத்தைக் காட்டின. அந்தச் சூட்டில் ஹைட்ரஜன் தாங்கியிலிருந்து கொஞ்சம் ஆக்சிஜனைப் பறிச்சிடுது. ஆக்சிஜன் குறைந்த அந்த ஆக்சைடு, மெல்ல நகர்ந்து உலோகத்தின் மேல ஏறி, மெல்லிய போர்வை மாதிரி மூடிடுது. ரேக்கே சர்வரை மூடின கதை! ஆனா இது நிரந்தரம் இல்லை. ஆக்சிஜனில் சூடாக்கி, திரும்பக் குறைந்த வெப்பத்தில் ஹைட்ரஜன் கொடுத்தா, உலோகம் பழையபடி வேலைக்கு வந்துடும்.

தாங்கி கெடுக்க மட்டும் செய்யாது, உதவவும் செய்யும். கன்வெர்ட்டரில் இருக்கிற சீரியம் ஆக்சைடைப் பாருங்க. புகையில் ஆக்சிஜன் அதிகமா இருந்தா வாங்கி வெச்சுக்கும், குறைஞ்சா கொடுக்கும். உலோகமும் ஆக்சைடும் தொட்டுக்கிற அந்த விளிம்பில், உலோகம் பிடிச்சு வெச்ச கார்பன் மோனாக்சைடுக்கு ஆக்சிஜன் பக்கத்திலிருந்தே கிடைக்குது.

அதனாலதான், குறைந்த உலோகத்தில் நிறைய வேலை வாங்கணும்னா, பிளாட்டினத்தை மட்டும் பார்த்தா போதாது. அது எதன் மேல உட்கார்ந்திருக்கு, எந்த வாயுவில், எவ்வளவு சூட்டில்னு பார்க்கணும். நாம சுவாசிக்கிற காத்து எவ்வளவு சுத்தமா இருக்கும்கிறது இந்தக் கூட்டணியையும் பொறுத்தது.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்!