அந்த அரை அங்குலம்!

மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் இன்னும் நிற்கும் பழைய வீடுகள் சிலவற்றில், கூடத்திலிருந்து மாடிக்குப் போவது மரப்படி வழியாகத்தான். ஏறி இறங்கிய கால்கள் பலகைகளின் நடுவைக் குழியாக்கியிருக்கும். "புதுப் பலகை போட்டால் ஆயிற்று" என்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள்!

மாடி ஏறும்போது நாம் படிகளையா பார்க்கிறோம்? முதல் இரண்டு படிகளிலேயே கால் உயரத்தைத் தெரிந்துகொண்டு விடுகிறது. நடுவில் ஒரு படி மட்டும் அரை அங்குலம் கூடியிருந்தால் போதும், தடுக்கிவிடும். இடுப்பில் குழந்தையோடு இறங்குகிறவளுக்கும், பார்வை மங்கிய பாட்டிக்கும் அந்த அரை அங்குலம் சாமானியமா? அமெரிக்காவின் குடியிருப்பு விதி 3/8 அங்குலத்துக்கு மேல் வித்தியாசத்தை ஒப்புவதில்லை. நம் தேசியக் கட்டட விதித் தொகுப்பும் (2016) வீட்டுப் படியின் உயரம் 19 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது.

ஆகவே, முதலில் ஒவ்வொரு படியின் உயரத்தையும் அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தச்சரை அழைத்துப் பழைய பலகைகளைக் கழற்றச் சொல்லுங்கள். அவற்றைத் தாங்கும் பக்கச் சட்டங்களை உளி முனையால் குத்திப் பார்க்க வேண்டும். முனை சுலபமாக இறங்கினால் கறையானோ ஈரமோ தின்றிருக்கிறது. சட்டத்தையே மாற்ற வேண்டியதுதான். உறுதியாக இருந்தால், பலகை உட்காரும் இடத்தில் ரசமட்டத்தைக் குறுக்கிலும் நெடுக்கிலும் வைத்துப் பார்க்கலாம். மேட்டை இழைப்புளியால் சீவுவது. பள்ளத்தில் கெட்டி மரச் சில்லு வைத்து, பசையிட்டுத் திருகாணியால் இறுக்குவது. அட்டையை மடித்துச் செருகினால் நாளடைவில் நசுங்கி, பலகை 'கிறீச்' என்று கத்தும்.

இன்னொரு விஷயம். பழைய பலகையின் மேலேயே ஓர் அங்குலப் பலகையை அடித்துவிட்டால் செலவு மிச்சம் என்று தோன்றும். படிகள் எல்லாம் உயரும். கூடத்துத் தரையும் மாடித் தரையும் உயருமா? முதல் படியின் உயரம் ஓர் அங்குலம் கூடிவிடும். கடைசி ஏற்றம் ஓர் அங்குலம் குறைந்துவிடும். கால் ஏமாறுவது அங்கேதான். புதுப் பலகை பழையதன் கனத்திலேயே இருக்கட்டும். அந்தக் கனத்தைத் தேய்ந்த நடுவில் அளக்காமல் சுவரோரத்தில் அளக்க வேண்டும்.

வார்னிஷ் பளபளப்பில் மயங்கிக் கூலியைக் கொடுத்துவிடாதீர்கள். பழைய தாளை எடுத்து, அதன் பக்கத்திலேயே புது அளவுகளை எழுதுங்கள். எண்கள் ஒன்றுபோல் நின்றால், மின்சாரம் போன இரவிலும் பாட்டி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு தைரியமாக இறங்கி வருவாள்.