சினிமாப் படங்களும் தடை உத்தரவும்

முத்தாபுதுப்பேட்டைவாசிகள் சினிமாப் பார்க்க ஆவடிக்கோ அம்பத்தூருக்கோ பூந்தமல்லிக்கோ போகிறார்கள். முன்னொரு காலத்தில் இத்தகைய ஊர்களின் முறை வருவதற்கு மாதக்கணக்காகும். படம் முதலில் பட்டணத்துக் கொட்டகையில் ஓடித் தேய வேண்டும். பிறகு பெட்டி ஜில்லாத் தலைநகருக்குப் போகும். கடைசியில் கீறல் விழுந்த பிரதி டூரிங் கொட்டகையின் மணல் தரைக்கு வந்து சேரும். இன்று பிலிம் சுருளே போய்விட்டது. படம் கம்ப்யூட்டர் கோப்பாகக் கொட்டகைக்கு வருகிறது; குறித்த நேரத்தில் அதைத் திறக்கும் ரகசியச் சாவி தனியே அனுப்பப்படுகிறது. அண்ணா சாலையில் படம் தொடங்கும் அதே நாளில் ஆவடியிலும் தொடங்குகிறது. பட்டணத்தானுக்கும் புறநகரானுக்கும் இருந்த இந்த வேற்றுமை ஒழிந்ததை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் இம்மாறுதலின் பலன் ஒன்றைச் சட்டம் செய்கிறவர்கள் இன்னும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கொட்டகைகளில் வெளியாகும் படம், தன் வசூலில் பெரும் பகுதியை முதல் சில தினங்களிலேயே ஈட்டியாக வேண்டும். அடுத்த வாரம் வேறு படம் வந்து வாசலில் நிற்கும். திருட்டுப் பிரதியோ அதுவரைகூடக் காத்திருப்பதில்லை.

படத்திற்குச் சான்றிதழ் வழங்கும் அதிகாரத்தை நமது அரசியல் சட்டம் மத்திய சர்க்காருக்குக் கொடுத்திருக்கிறது. கொட்டகைகளை மாநில சர்க்காரின் பொறுப்பில் விட்டிருக்கிறது. இந்த இரண்டாவது வழியாக வந்ததுதான் 1955-ஆம் வருஷத்திய சினிமா ஒழுங்குச் சட்டம். ஒரு படத்தால் பொது அமைதிக்குப் பங்கம் நேரலாம் என்று கலெக்டர் கருதினால், அதை 'நிறுத்தி வைக்க' அச்சட்டம் இடம் தருகிறது. நிறுத்தி வைப்பது என்பது சாதுவான வார்த்தை. பெட்டி ஊர் ஊராக நடந்த காலத்தில் அதன் பொருளும் சாதுவாகவே இருந்தது. இன்று எங்கும் படத்தை ஓட்டாமல் நிறுத்தி வைத்தால், அதன் முதல் வாரம் திரும்பி வருமா?

அன்னிய ஆட்சியில் நடந்ததை நினைத்துப் பார்ப்போம். கல்கியின் கதையை கே. சுப்பிரமணியம் படமாக்கிய 'தியாக பூமி' 1939-இல் சென்னை கெயிட்டி கொட்டகையில் வெளியாயிற்று. அதன் மீது தடை பாய்ந்தது படம் பல வாரங்கள் ஓடிய பிறகுதான். தடை வருகிறதென்று அறிந்ததும் படத்தை இடைவிடாமல் இலவசமாகக் காட்டினார்கள், ஜனங்கள் அலைமோதினார்கள், போலீஸார் தடியடி நடத்தினார்கள். பிரிட்டிஷாரின் தடை கூடப் படம் ஜனங்களைச் சேர்ந்த பிறகே வந்தது!

சுதந்திர இந்தியாவில் நடந்தது வேறு. கமல் ஹாசனின் 'விஸ்வரூபம்' தணிக்கைச் சான்றிதழ் பெற்று, 2013 ஜனவரி 25-இல் வெளியாவதாக இருந்தது. கொட்டகைக்கு முன்பே வீட்டு டெலிவிஷனில் காட்ட அவர் முதலில் செய்திருந்த ஏற்பாடு, கொட்டகை முதலாளிகளின் எதிர்ப்பால் முன்னரே தகர்ந்து போயிற்று. தங்கள் சமூகத்தை இழிவாகச் சித்தரிப்பதாக முஸ்லிம் ஸ்தாபனங்கள் முறையிட்டன. வெளியீட்டிற்கு இரண்டு நாள் முன்னதாக, 23-ஆம் தேதியன்று, இரண்டு வாரத் தடை. ஜில்லாதோறும் 144-வது பிரிவு. 29-ஆம் தேதி இரவு ஹைக்கோர்ட்டில் தனி நீதிபதி தடையை நிறுத்தி வைத்தார். மறுநாளே டிவிஷன் பெஞ்சு அந்த உத்தரவை ரத்துச் செய்தது. 524 கொட்டகைகளுக்குக் காவல் போட 56,440 போலீஸார் வேண்டும் என்று அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா கணக்குச் சொன்னார். முடிவில் சமரசம் பேசி, சில இடங்களில் ஒலியை அடக்கி, பிப்ரவரி 7-இல் படம் வெளிவந்தது. அதற்குள் அண்டையிலுள்ள கேரளத்தில் அதே படம் ஓடிக்கொண்டிருந்தது.

மனம் புண்பட்டவர்களின் குறையைச் சர்க்கார் கேட்கக் கூடாதென்று நாம் சொல்லவில்லை. கேட்டே ஆகவேண்டும். போலீஸ் பற்றாக்குறை ஒரு காரணமாகுமா என்பதே நமது கேள்வி. இதற்கு விடை 1989-லேயே கிடைத்துவிட்டது. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்தின் சான்றிதழைச் சென்னை ஹைக்கோர்ட் ரத்துச் செய்தபோது, சுப்ரீம் கோர்ட் அதை மீட்டுக் கொடுத்தது. கலகம் வருமென்ற மிரட்டலுக்காகப் பேச்சுரிமையை அடக்கலாகாது, உரிமையைக் காப்பது சர்க்காரின் கடமை, எதிர்ப்பாளரைச் சமாளிக்க இயலாதென்று அது கைவிரிக்கக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். தமிழ்ப் படத்திற்காகப் பிறந்த தீர்ப்பு தமிழ்நாட்டிலேயே செல்லாக்காசானதை என்னவென்று சொல்வது?

நிவாரணம் இல்லாமலில்லை, நேரம்தான் இல்லை. 'பத்மாவத்' ஹிந்திப் படத்தைச் சில மாநிலங்கள் தடுத்தபோது, 2018 ஜனவரி 18-இல் சுப்ரீம் கோர்ட் குறுக்கிட்டது. 25-ஆம் தேதி படம் வெளியாயிற்று. தடைகள் முன்கூட்டியே பிறந்ததால் வழக்காட ஒரு வார அவகாசமாவது இருந்தது. 'விஸ்வரூப'த்திற்கு இருந்தது இரண்டே நாள்.

எனவே 1955-ஆம் வருஷத்திய சட்டத்தைத் திருத்த வேண்டுமென்று கோருகிறோம். சான்றிதழ் பெற்று வெளியீட்டுத் தேதி அறிவித்த படத்தைப் பற்றிய ஆக்ஷேபணைகள் அத்தேதிக்குப் பத்து நாள் முன்னதாகக் கலெக்டரிடம் வந்துவிட வேண்டும். தடையென்றால் எந்தக் கொட்டகைக்கு, என்ன காரணத்தால் என்று எழுத்தில் வர வேண்டும். மாநிலம் முழுமைக்கும் ஒரே வாசகத்தை நகலெடுத்து ஒட்டுவது கூடாது. அப்பீலை நாற்பத்தெட்டு மணி நேரத்தில் விசாரித்து முடிக்க வேண்டும். 144-வது பிரிவு இன்று புதிய குடிமக்கள் பாதுகாப்புச் சட்டத்தில் 163 என்று எண் மாறியிருக்கிறது. சினிமாச் சட்டத்தைத் திருத்தும்போது, இந்தப் பிரிவைக் கொண்டு அதே தடையை வேறு வாசல் வழியாகக் கொண்டுவர முடியாதபடியும் செய்ய வேண்டும்.